ஓதற்பிரிவு: இலக்கணம் கண்டதும் இலக்கியம் விட்டதும்

கல்வியின்பொருட்டு ஒருவன் வீட்டைவிட்டு நெடுங்காலம் பிரிந்து செல்வதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறது. அதற்கு ‘ஓதற்பிரிவு’ எனப் பெயரும் இட்டது. தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களைக் கூறத் தொடங்கும்போது ஓதல், பகை, தூது என்ற வரிசையில் ஓதலையே முதலில் வைத்தார். இறையனார் அகப்பொருள் கற்புக் காலத்துப் பிரிவை ஓதல், காவல், பகைதணிவினை, வேந்தர்க்குற்றுழி, பொருட்பிணி, பரத்தை என ஆறாக வகுத்தது. அங்கும் முதலிடம் ஓதலுக்கே. வாள் எடுத்துச் செல்வதற்கும் பொருள் தேடிச் செல்வதற்கும் முன்னால், ஏடு தேடிச் செல்வதை எண்ணிய இலக்கணம் நம்முடையது. இதனைத் தமிழாசிரியர் எவரும் மாணவர்க்குப் பெருமையோடு சொல்லலாம்.

ஆயின், அந்தப் பெருமையைச் சொல்லி முடித்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. இலக்கணம் முதலிடம் தந்த இப்பிரிவுக்கு இலக்கியம் எந்த இடம் தந்தது? சங்க அகப்பாடல்களைப் புரட்டுவோர் காண்பது என்ன? அகநானூற்றின் 400 பாட்டுகளில் 200 பாலைத்திணைக்கு உரியவை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலை 100. கலித்தொகையில் பெருங்கடுங்கோவின் பாலை 35. இவற்றில் பொருளுக்காகப் பிரிந்தவன் உண்டு. வேந்தன் ஏவலால் பாசறையில் இருப்பவன் முல்லைப் பாட்டுகளில் உண்டு. கல்விக்காகப் பிரிந்தவன் என்று ஐயமின்றிச் சுட்டத்தக்க தலைவனைக் காண்பதோ அரிதினும் அரிது. உரையாசிரியர்கள் ஓதற்பிரிவுக்கு எடுத்துக்காட்டாகத் தரும் பாட்டுகளிலும், துறை விளக்கத்தை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் படித்தால், அவன் படிக்கத்தான் போனான் என்று துணிவது கடினம்.

இலக்கணத்தில் தலைமை பெற்ற ஒன்று இலக்கியத்தில் ஏன் வறுமையுற்றது? இக்கேள்வி பழமை ஆராய்ச்சி மட்டும் அன்று. வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் மலேசியத் தமிழரிடையே இன்று பல. அப்பிரிவைச் சொல்வதற்குத் தமிழில் என்ன சொற்கள் உள்ளன என்பதும் இக்கேள்வியோடு சேர்ந்தே வருகிறது.

கோவை நூல் காட்டும் கணக்கு

சங்க இலக்கியத்தில் இல்லாததைப் பிற்காலக் கோவை நூல்கள் நிரப்பின என்று கூறுவது வழக்கம். அகப்பொருள் துறைகளை ஒன்றும் விடாமல் கோத்துத் தருவது கோவையின் இயல்பு; ஆகவே ஓதற்பிரிவும் அங்கே இடம் பெற்றுவிடுகிறது. ஆனால் எவ்வளவு இடம்? மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை எடுத்துக்கொள்வோம். அதன் 400 பாட்டுகளும் 25 பகுதிகளாக அமைந்தவை. இருபதாம் பகுதி ஓதற்பிரிவு. அதில் உள்ளவை 4 பாட்டுகள். வேந்தற்குற்றுழிப் பிரிவுக்கு 16 பாட்டுகள். பொருள்வயிற் பிரிவுக்கு 20. பரத்தையிற் பிரிவுக்கு 49. பரத்தையை நாடிப் பிரிந்தவன் பெற்ற இடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட ஏட்டை நாடிப் பிரிந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

எண்ணிக்கையைவிடத் துறைகளின் அமைப்பே ஆராயத்தக்கது. ஓதற்பிரிவின் நான்கு துறைகள் இவை: தலைவன் தோழியிடம் கல்வியின் நலத்தைக் கூறுகிறான், அவன் பிரிய எண்ணியதைத் தோழி தலைவிக்கு உரைக்கிறாள், தலைவியின் கலக்கத்தைக் கண்டு தோழி வருந்திப் பேசுகிறாள், இறுதியில் வாய்மொழி கூறித் தலைவி வருந்துகிறாள். அவ்வளவே. அவன் போனானா, கற்றானா, திரும்பினானா என்பதற்கு அங்கே விடை இல்லை.

இதனைப் பொருள்வயிற் பிரிவின் 20 துறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே நாளெண்ணி வருந்தல் உண்டு. நெஞ்சொடு நோதலும் நெஞ்சொடு புலத்தலும் உண்டு. பருவங்கண்டு இரங்கல் உண்டு. வழியிலே முகிலொடு பேசுதல் உண்டு. தேர் வரவு கூறலும் இளையர் எதிர்கோடலும் உண்டு. கடைசியில் உள்மகிழ்ந்து உரைத்தலும் உண்டு. போக்கு, இருப்பு, வரவு என்னும் மூன்றும் நிறைந்த ஒரு முழுக்கதை அது. ஓதற்பிரிவோ வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. புறப்பாட்டுக்கு முன்னைய ஏற்பாடு மட்டுமே பாடப்பட்டது; பயணம் பாடப்படவில்லை.

வழக்கமான இரு விடைகள்

இவ்வறுமைக்கு இரண்டு காரணங்கள் பொதுவாகக் கூறப்படும். ஒன்று, பாட்டுகள் இருந்தன, அழிந்துபட்டன என்பது. இஃது எதற்கும் பொருந்தும் விடை. ஆகையால் எதனையும் விளக்காத விடை. பாலைப் பாட்டுகள் இவ்வளவு மிகுதியாகத் தப்பி வந்தபோது, அவற்றுள் ஒரு காரணம் பற்றியன மட்டும் தேடித் தேடி அழிந்தன என்பது ஏற்கத்தக்கதன்று.

மற்றொன்று, ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன என்று தொல்காப்பியர் வரையறுத்ததால் பாடுவோர் குறைந்தனர் என்பது. உரையாசிரியர்கள் ‘உயர்ந்தோர்’ என்பதற்கு வருணத்தை அடிப்படையாகக் கொண்டு விளக்கம் தந்தனர்; ஒழுக்கத்தாலும் அறிவாலும் உயர்ந்தோர் எனக் கொள்வாரும் உளர். எப்படிக் கொண்டாலும் இவ்விடை நிறைவு தருவதாயில்லை. வேந்தர்க்குரிய பிரிவும் ஒரு சிலர்க்கே உரியது. அதனைப் புலவர் பாடாமல் விடவில்லை. உரியவர் சிலராக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் பாட்டுக்கு விலக்காகிவிடாது. கல்வியைப் புலவர் மதிக்கவில்லை என்றும் சொல்ல இயலாது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுள்ளும் கற்றவன்பால் தாயின் மனம் சாயும் என்று பாடிய பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் இருக்கிறான். ஆசிரியர்க்கு உற்றுழி உதவியும் பெரும்பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்பது அவன் கருத்து. புறத்தில் இவ்வளவு உயர்த்திப் பாடப்பட்ட கல்வி அகத்தில் ஏன் வாய் திறக்கவில்லை?

மறுக்க இயலாத காரணம்

விடையை அகப்பாட்டின் அமைப்புக்குள்ளேயே தேட வேண்டும். பிரிவுப் பாட்டுகளில் மிகச் சுவையானது செலவழுங்குவித்தல். தலைவன் புறப்பட எண்ணுகிறான், தோழி தடுக்கிறாள். வழியின் வெம்மையைச் சொல்கிறாள். இளமை நில்லாது என்கிறாள். நீ தேடப்போகும் பொருள் இவளைவிடச் சிறந்ததோ என்று கேட்கிறாள். கலித்தொகையின் பாலைப்பாட்டுகளில் பெரும்பாலனவற்றுக்கு உயிர் இந்த வழக்காட்டுதான். தலைவனிடம் நல்ல காரணம் இருக்கிறது. தோழியிடம் அதனினும் நல்ல மறுப்பு இருக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் பாட்டுப் பிறக்கிறது.

பொருளை மறுப்பது எளிது. செல்வம் நிலையாதது என்று தமிழ்ப் புலவர் அனைவரும் ஒப்புக்கொண்டுள்ளனர். போரையும் ஒருவாறு நொந்துகொள்ளலாம். ஆனால் கல்வியை எப்படி மறுப்பது? கல்வி அழியும் என்று தோழி சொல்ல முடியுமா? கேடில்லாத செல்வம் அஃதொன்றே என வள்ளுவர் ‘கல்வி’ என்னும் நாற்பதாம் அதிகாரத்தை முடித்துவிட்டார். அங்கேயே மற்றொரு குறளில், கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடு, எந்த ஊரும் தன் ஊர், அவ்வாறிருக்க ஒருவன் சாகும்வரை கல்லாமல் காலம் கழிப்பது ஏன் என்றும் கேட்டுவிட்டார். இத்தகைய உலகத்தில், ‘படிக்கப் போகாதே’ என்று சொல்லும் தோழிக்கு வாதம் இல்லை. திருக்கோவையாரில் தலைவன் கல்விநலம் கூறியவுடன் தோழி எதிர்வாதம் புரியாமல் செய்தியைத் தலைவியிடம் கொண்டு செல்வது இதனால்தான். வாதம் இல்லாத இடத்தில் துயரம் மட்டும் எஞ்சுகிறது. அத்துயரமும் பேச உரிமையற்றதாக ஒடுங்குகிறது. ஒருவன் செய்வது சரி என்று தெரிந்தும் அதற்காக அழுகிறவளின் நிலை அது. பாடுவதற்கு மிக அரிய நிலை. அதனாலேயே அது பாடப்படாமல் நின்றது என்று கொள்ளுதல் பொருந்தும்.

கார்காலமும் மூன்றாண்டும்

இரண்டாவது காரணம் காலத்தைப் பற்றியது. கற்பியலில் தொல்காப்பியர் ஒவ்வொரு பிரிவுக்கும் எல்லை வகுத்தார். கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டுகளைக் கடத்தல் ஆகாது; வேந்தன் தொழிலுக்காகப் பிரிந்தவன் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும்; ஏனைய பிரிவுகளும் அத்தன்மையன. பிற்காலத்து நாற்கவிராச நம்பியும் ஓதலுக்கு மூன்றாண்டு எல்லையையே போற்றினார்.

அகப்பாட்டின் கடிகாரம் கார்காலம். மழை தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப் போகிறான். முல்லை அரும்புகிறது, மேகம் இடிக்கிறது, தேர் வரவில்லை. ‘இது கார் அன்று, காலமல்லாத காலத்து மழை’ எனத் தோழி பொய்யாகவேனும் ஆற்றுகிறாள். தலைவி ஏங்குவதும், நாள்களைச் சுவரில் எண்ணுவதும், தலைவன் பாகனை விரைவுபடுத்துவதும் இந்த ஒரு பருவத்துக்குள் அடங்கும். ஓராண்டுக்குள் முடியும் பிரிவுக்கே இக்கடிகாரம் பொருந்தும். மூன்றாண்டுப் பிரிவில் கார் மும்முறை வந்து போகும். முதற்காரில் அவன் வராமை பொய்யும் அன்று, பிழையும் அன்று. குறித்த பருவம் பொய்த்தது என்னும் அடிப்படை உணர்ச்சிக்கே அங்கு இடமில்லாமற் போகிறது. நெடும்பிரிவைப் பாடுவதற்குப் புதியதொரு காலக்கணக்கு தேவைப்பட்டது. புலவர்கள் அதனைப் படைக்கவில்லை.

எனினும் மூன்றாண்டு எல்லையைச் சிறிதாக எண்ணிவிடலாகாது. மூன்றாண்டு ஒருவன் கற்றுத் தேர்வதற்குப் போதுமானது என்று தொல்காப்பியர் பாடத்திட்டம் வகுத்தார் அல்லர். அவர் நூற்பா கற்பியலில் இருக்கிறது. இல்லறத்தைப் பேசும் இயலில் இருக்கிறது. ஆதலால் அந்த எல்லை கற்பவனை நோக்கியது என்பதைவிடக் காத்திருப்பவளை நோக்கியது என்பதே பொருத்தம். அறிவுக்கு எல்லை இல்லை. ஆனால் காத்திருப்புக்கு எல்லை உண்டு என்பது அதன் உட்பொருள்.

தயங்கி நிற்றலின் இலக்கணம்

கற்பியலிலேயே மற்றொரு நூற்பா உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்குப் புறப்படும் எவரும் அறிந்திருக்கத் தக்கது அது. புறப்பட இருந்த தலைவன் இடையிலே செலவைத் தவிர்ந்து நிற்பதுண்டு. அவ்வாறு நிற்றல், போகாமல் விட்டான் என்று பொருள்படாது. தலைவியை ஆற்றுவித்து வற்புறுத்துதலைக் கருதிய தவிர்ச்சியே அது என்கிறார் தொல்காப்பியர்.

‘வன்புறை’ என்னும் சொல் இங்கு முக்கியமானது. பிரிபவன் இருப்பவர்க்கு உறுதி கூறி ஆற்றியிருக்கச் செய்வது வன்புறை. புறப்பாட்டுக்கு முன்னுள்ள நாள்கள் எதற்காக என்ற கேள்விக்கு இந்நூற்பா விடை தருகிறது. மூட்டை கட்டுவதற்கு மட்டும் அன்று. வழிச்செலவுக்குப் பணம் திரட்டுவதற்கு மட்டும் அன்று. பின்னே இருக்கப்போகிறவர்களைத் தேற்றுவதற்கு. தயக்கத்தைக் கோழைத்தனம் என்று கொள்ளாமல் கடமை என்று கொண்ட நுட்பம் தமிழ் இலக்கணத்துக்குரியது.

ஆகவே ஓதற்பிரிவைப் பற்றிய எந்த எழுத்தையும் மதிப்பிட இலக்கணம் மூன்று அளவுகோல்களைத் தருகிறது. போகும் காரணம் மெய்யாகவே கல்விதானா? திரும்பும் எல்லை குறிக்கப்பட்டதா? இருப்பவர்க்கு வன்புறை கூறப்பட்டதா? இவற்றைக் கொண்டு பிற்கால உரைநடை நூல் ஒன்றைப் பார்க்கலாம்.

சத்திய சோதனையில் ஒரு புறப்பாடு

காந்தியடிகள் 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் குஜராத்தியில் எழுதிய வாழ்க்கை வரலாறு ‘சத்திய சோதனை’ என்னும் பெயரால் தமிழில் பரவியது. அதன் முதற்பாகத்தில் இங்கிலாந்து செல்ல ஆயத்தமானதைக் கூறும் அதிகாரமும், சாதி விலக்கைக் கூறும் அதிகாரமும் அடுத்தடுத்து உள்ளன. படிக்கப் போவதற்கு முன்னைய நாள்களை இவ்வளவு ஒளிவின்றி எழுதியவர் சிலரே.

குடும்ப நண்பர் மாவ்ஜி தவே சட்டப் படிப்புக்கு இங்கிலாந்து அனுப்புமாறு யோசனை சொல்கிறார். பணத்துக்கு வழி தேடப்படுகிறது. போர்பந்தருக்குச் சென்று சிற்றப்பாவைக் கேட்டும், ஆங்கிலேய நிருவாகியைக் கேட்டும் உதவி கிட்டவில்லை. மனைவியின் நகைகளை விற்கலாமா என்ற எண்ணமும் எழுகிறது. தமையனார் பொறுப்பேற்கிறார். தாய் அஞ்சுகிறார்: இங்கிலாந்து சென்ற இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள், புலால் உண்கிறார்கள், மதுவின்றி வாழ்வதில்லை என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். சமணத் துறவி பேச்சார்ஜி சுவாமி முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என மகன் உறுதி எடுக்கிறார். அதன் பின்னரே தாய் விடை தருகிறார். பம்பாயில் சாதிச் சபை கூடிக் கடற்பயணத்தைத் தடுக்கிறது. மீறியவரைச் சாதி நீக்கம் செய்கிறது. அவருக்கு உதவுவோர்க்கும் வழியனுப்பச் செல்வோர்க்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் விதிக்கிறது. 1888 செப்டம்பர் 4 ஆம் நாள் கப்பல் புறப்படுகிறது. அவருக்கு அப்போது வயது 18.

மூன்று அளவுகோல்களையும் வைத்துப் பார்ப்போம். காரணம் கல்வியே, எனினும் தந்தையாரின் பதவியை எதிர்காலத்தில் பெறுவதற்கு அது துணை என்ற எண்ணமும் பெரியவர்களிடம் கலந்திருந்ததை அடிகள் மறைக்கவில்லை. ஓதலும் பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே உலகியல் என்பதை நேர்மையாகக் காட்டினார். எல்லையோ வியப்புக்குரியது. 1888 செப்டம்பரில் போனவர் 1891 சூனில் வழக்கறிஞராகத் தகுதி பெற்று உடனே கப்பல் ஏறினார். தொல்காப்பியர் வகுத்த மூன்றாண்டு கடக்கவில்லை.

வன்புறை? தாய்க்குத் தரப்பட்ட மூன்று உறுதிமொழிகளும் வன்புறையே. அவ்வதிகாரத்தின் உயிர்நாடி அந்தக் காட்சிதான். வெறும் ஆறுதற்சொல்லால் தாய் தேறவில்லை. சாட்சியின் முன் எடுத்த விரதத்தால் தேறினார். பின்னாளில் இலண்டனில் அவருடைய உணவும் பழக்கமும் நண்பர்களும் அவ்வுறுதியைச் சுற்றியே அமைந்தன. வாசற்படியில் கூறிய சொல் மூன்றாண்டு வாழ்க்கையை நடத்தியது. வன்புறை என்பது இருப்பவரைத் தேற்றுவது மட்டும் அன்று, போகிறவனைக் காப்பதும் ஆகும் என்ற உண்மை இதனால் விளங்குகிறது. தமிழ் இலக்கணத்தார் சொல்லாமல் விட்ட பகுதி இது.

ஆனால் அந்த வீட்டில் மற்றொருத்தி இருந்தாள். கஸ்தூரிபாயின் கையில் சில மாதக் குழந்தை. தமிழ் அகப்பொருளின்படி இப்பிரிவின் தலைவி அவர். அவருக்குக் கூறிய வன்புறை எது? நூலில் அவர் இரு முறை தலைகாட்டுகிறார். ஓரிடத்தில் விற்பதற்கு எண்ணிய நகைகளின் உடைமையாளராக. மற்றோரிடத்தில் குழந்தையோடு விட்டுச் செல்லப்பட்டவராக, ஒரே வாக்கியத்தில். தாயின் அச்சத்துக்குப் பக்கம் ஒதுக்கிய எழுத்து மனைவியின் துயரத்துக்கு வரி ஒதுக்கவில்லை.

நூலின் நோக்கம் சத்தியத்தைச் சோதித்தல். ஆதலால் விரதம் பெற்ற இடம் விரிந்தது, மற்றவை சுருங்கின என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடை ஓரளவு பொருந்தும். ஆயினும் தம் இளமை மணத்தையும், மனைவியிடம் காட்டிய ஐயத்தையும், அவரைப் படிப்பிக்க முயன்று தோற்றதையும் முந்திய அதிகாரங்களில் விரிவாக எழுதியவர் அவரே. அங்கே பேசிய பேனா இங்கே வாய்மூடியது கண்ணில் படாமற்போகாது. நாடு திரும்பிய பின்னரே தாயின் மறைவை அவர் அறிந்தார். அயல்நாட்டில் அதிர்ச்சி வேண்டா என்று தமையனார் செய்தியை மறைத்திருந்தார். உறுதிமொழி பெற்றவர் அதன் நிறைவேற்றத்தைக் காண இல்லை. காண இருந்தவர் கஸ்தூரிபாய். அவர் அந்த மூன்றாண்டை எப்படிக் கழித்தார் என்பது எழுதப்படவே இல்லை.

இக்குறை ஒருவருடையது மட்டும் அன்று. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ உரைநடைப் பெருநூல். 1871 இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்க மாயூரம் சென்ற செய்தியை அதில் படிப்போர், ஆசிரியரை அடையும் ஆவலையும், மகனை அழைத்துச் சென்ற தந்தையின் கவலையையும் மறக்க மாட்டார்கள். அவருக்கும் முன்பே மணம் நிகழ்ந்திருந்தது. ஆயினும் அப்பகுதி ஆசிரியர், மாணவர், தந்தை என்ற மூவரின் கதையாகவே நடக்கிறது. ஓதற்பிரிவில் தலைவி பேசாமடந்தையாக இருந்த பழைய வழக்கு உரைநடைக்கும் தொடர்ந்தது என்றே கூற வேண்டும்.

கடல் கடக்கும் மகளிர்

காலம் மாறியது, பிரிவின் பாத்திரங்களும் மாறினர். முந்நீர் வழக்கம் பெண்ணோடு இல்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று அகத்திணையியலில் உண்டு. இளம்பூரணர் அதற்குக் கடல்வழிச் செலவு தலைவியோடு கூட நிகழ்வதில்லை எனப் பொருள் கொண்டார். நச்சினார்க்கினியரோ முந்நீர் என்பதை மூன்று நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று காரணத்தால் செல்லும் செலவு தலைவியோடு இல்லை என்றார். இருவர் உரையும் வேறு. எனினும் பெண் வீட்டில் இருப்பாள், ஆண் போவான் என்பதில் இருவரும் ஒன்றே.

இன்று அவ்வுரைகள் இரண்டுக்கும் வெளியே நிற்கிறாள் தமிழ்ப் பெண். தலைவனோடு செல்பவளாக அன்று, தானே ஓதப் பிரிபவளாகக் கடலைக் கடக்கிறாள். மலாயாவிலிருந்து இளைஞரும் இளம்பெண்டிரும் ஆசிரியப் பயிற்சிக்காகக் கப்பலேறியது 1950களில் தொடங்கிய வரலாறு. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரை அடுத்த கிர்க்பியில் 1962 வரை மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஈராண்டுப் பயிற்சிக் கல்லூரி நடந்தது. அதன் பின் எத்தனையோ நாடுகள், எத்தனையோ துறைகள். தோட்டத்து வீட்டிலிருந்து நகரத்து விடுதிக்குப் போகும் பிள்ளையின் பிரிவும் ஓதற்பிரிவே; தூரம் குறைவு என்பதால் தாய்க்குத் துயரம் குறைவதில்லை.

இப்பிரிவில் வீட்டில் இருப்பவள் பெரும்பாலும் மனைவியல்லள், தாய். தாயின் துயரத்துக்குத் தமிழில் இலக்கியம் இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு துறையில் இருக்கிறது. உடன்போக்கில் மகளைப் பிரிந்த நற்றாயும் செவிலியும் புலம்பும் பாலைப்பாட்டுகள் அவை. கயமனார் அத்துறையில் வல்லவர். மகள் ஆடிய பந்தையும் பாவையையும் பார்த்துத் தாய் கலங்குவாள். அவள் மெல்லடி சுரத்தில் எப்படி நடக்கும் என்று எண்ணுவாள். நற்றிணையில் போதனார் பாடிய பாட்டு வேறு வகையானது. வீட்டில் பாலும் உண்ண மறுத்து ஓடிய சிறுமி, கொண்டவன் வீட்டில் வறுமை வந்தபோது தந்தையின் செல்வத்தை நினையாமல் பொழுது மறுத்து உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று செவிலி வியக்கிறாள்.

அயல்நாட்டு அறையில் தானே சமைத்து, தானே துவைத்து, கணக்குப் பார்த்துச் செலவிடும் மகளின் செய்தி கேட்கும் தாய்க்கு இவ்வியப்பு புதிதன்று. பிரிந்த பின்னரே பிள்ளையின் வளர்ச்சி பெற்றோர்க்குத் தெரிகிறது. ஓதற்பிரிவைப் புதிதாகப் பாட விரும்புவோர் திருக்கோவையாரின் நான்கு துறைகளை நீட்டுவதைவிட, நற்றாய் கூற்றையும் செவிலி கூற்றையும் கல்விப் பிரிவுக்கு மாற்றிப் பார்ப்பதே பயன் தரும். உருவம் தயாராக இருக்கிறது. பொருளை மாற்றி நிரப்ப வேண்டும்.

காலக்கணக்கும் மாறிவிட்டது. கைப்பேசியில் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசலாம். ஆதலால் பிரிவே இல்லை என்று சிலர் கருதுவர். முகம் தெரிவது வேறு, உடன் இருப்பது வேறு. இங்கே தாய் உறங்கப் போகும் நேரத்தில் அங்கே மகளுக்கு நண்பகல்; அவள் சோர்ந்து பேசினால் இங்கே உறக்கம் போகும். இப்புதிய துயரத்துக்குக் கார்காலம் பொருந்தாது. இதற்குரிய பொழுதைப் புலவன் கண்டறிய வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழ்ப் பள்ளிகளில் வெளிநாட்டுக் கல்வியைப் பற்றிய கட்டுரைகள் அடிக்கடி எழுதப்படுகின்றன. பயன்கள் வரிசையாக வரும். கல்வியின் பெருமைக்குக் குறள் வரும். நாட்டுக்குத் தொண்டாற்றுவேன் என்று முடியும். விடையனுப்பு விழாக்களில் படிக்கப்பெறும் வாழ்த்து மடல்களும் அத்தகையனவே. பிழை என்று சொல்வதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. ஆனால் அவை அனைத்தும் கோவை நூலின் முதல் துறையோடு நின்றுவிடுகின்றன: கல்விநலங் கூறல். மற்ற மூன்று துறைகளும், பாடப்படாத வரவும் அவற்றில் இல்லை.

மாணவர்க்குக் கற்பியலின் அந்த நூற்பாவைக் கற்பிக்கும்போது, அதனோடு ஒரு பயிற்சியும் சேர்க்கலாம். படிக்கப் போகும் ஒருவன் புறப்படும் முன் வீட்டில் யாரிடம் என்ன சொன்னான், யாரிடம் சொல்லாமல் விட்டான் என்பதை எழுதச் சொல்லலாம். அடுத்து, அதே செய்தியைத் தாய் கூற்றாகவும், தங்கை கூற்றாகவும், வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டி கூற்றாகவும் எழுதச் சொல்லலாம். அகப்பாட்டின் கூற்று முறை மாணவர் மனத்தில் பதிவதற்கு இதனினும் நேர்வழி இல்லை. நன்மைகளை எண்ணிக் காட்டும் கட்டுரையில் எழாத தமிழ், இக்கூற்றுகளில் எழக்கூடும்.

‘பிரிவாற்றாமை’ அதிகாரத்தின் முதற்குறளில் தலைவி கூறுவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். போகவில்லை என்றால் என்னிடம் சொல். விரைந்து வருவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவரிடம் சொல் என்கிறாள். அந்த அதிகாரத்துப் பத்துக் குறள்களிலும் அவன் பிரிவதற்குரிய காரணம் சொல்லப்படவில்லை. போருக்கோ பொருளுக்கோ போகலாம், ஓதுவதற்கும் போகலாம். காரணம் எதுவாயினும் இருப்பவளுக்கு அது பிரிவே. காரணம் உயர்ந்தது என்பதற்காக அவள் கண்ணீரைப் பேசாமல் விட்டது நம் இலக்கியம். தொல்காப்பியர் முதலிடம் தந்து வைத்த துறை இன்னும் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கிறது. கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பியும், கடல் கடந்தே வந்தும் பழகிய இந்நாட்டுத் தமிழர்க்கு அதனை நிரப்பும் தகுதி மற்றெவரினும் மிகுதியாக உண்டு.